கையை நீட்டாதலே, கேனை நீட்டு

சனிக்கிழமை விடிஞ்சாப் போதும், நம்ம கடக்கரையில திருவிழாதான். கார் தலையில மஞ்சளும் ஆரஞ்சுமா நீள நீளமா பிளாஸ்டிக் படகைக் கட்டி ஏத்திக்கிட்டு வந்து இறங்குதாவ. கயாக்காம். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். மரமே முளைக்காத பனி நாட்டுல, சீல் வேட்டைக்குப் போனவன் எலும்பையும் கரை ஒதுங்கின கட்டையையும் சேத்துக் கட்டி, மேல சீல் தோலைப் போத்தித் தைச்சி, தன் இடுப்பு நுழையுத அளவுக்கு ஓட்டை விட்டுச் செஞ்ச கலம் அது. அவன் வயித்துப்பாட்டுக்குச் செஞ்சான். நம்ம ஆளு வயித்தைக் குறைக்கதுக்கு வாங்குதான். அதுல எனக்கு ஒண்ணும் சடவு இல்ல.

ஆனா கடல்ல இறங்குததுக்கு முன்னால நடக்க அலங்காரம் இருக்கே, அதைப் பாக்கத்தான் இந்தப் பாட்டா காப்பிகூடக் குடிக்காம வந்து மணல்ல உக்காருதேன். கைக்கு உறை. கண்ணாடிக்குக் கயிறு. நெஞ்சு எத்தனை தடவை அடிக்குன்னு சொல்லுத கடிகாரம். நெத்தியில கேமரா. துடுப்பு கார்பன் ஃபைபராம், தொட்டுப் பாக்கக்கூட விட மாட்டேங்கான். எல்லாம் சரி, லைஃப் ஜாக்கெட் எங்கடேன்னு கேட்டா, திரும்பிப் படகோட வாலைக் காட்டுதான். அங்கன ரப்பர் கயித்துக்கு அடியில சொருகி வச்சிருக்கு. "போட்டா வேர்க்கு பாட்டா. வேணும்னா எடுத்துப் போட்டுக்கிடுவேன்."

ஏலே, கவிழப்போற படகு உனக்கு முன்கூட்டியே ஓலை எழுதி அனுப்புமா?

அவன் கூட வந்த இன்னொரு தம்பி கொஞ்சம் வெவரமானவன். "யாராவது முங்கினா காப்பாத்தவும் படிச்சிருக்கோம் பாட்டா. ரெண்டு நாள் வகுப்பு. சர்ட்டிபிகேட் இருக்கு." காட்டுடேன்னேன். போனுல காட்டினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் எடுப்பாத்தான் இருந்துச்சி. "சரி, முங்குதவன் எப்படி இருப்பான்?"னு கேட்டேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டி, "ஹெல்ப், ஹெல்ப்"னு கத்திக் காட்டினான். சினிமாவுல பாத்தது, பாவம்.

கேட்டுக்கோ மக்கா. முங்குதவன் கத்த மாட்டான். கத்தணும்னா மூச்சு வேணும்லா? அவனுக்கு மூச்சு இழுக்கவே நேரமில்ல, இதுல உன்னைக் கூப்பிட எங்க போவான்? வாய் தண்ணி மட்டத்துல இருக்கும். ஒரு நொடி மேல வரும், அடுத்த நொடி உள்ள போவும். தலை பின்னால சாஞ்சிருக்கும். முடி கண்ணு மேல விழுந்து கிடக்கும், அதை ஒதுக்கக்கூட கை வராது. உடம்பு படுக்காது, நட்டமா நிக்கும். ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணியை அமுக்கிக்கிட்டே இருக்கும், ஏணி ஏறப் பாக்கான்னு தோணும். தூரத்துல நிக்க சேக்காளி, "பாருடே, விளையாடுதான்"னு சிரிச்சிக்கிட்டு இருப்பான். அமெரிக்காவுல ஃபிரான்செஸ்கோ பியான்னு ஒரு உயிர்காப்பாளர், நியூயார்க் பக்கத்துக் கடக்கரையில முங்குதவங்களைப் படம் புடிச்சி, திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்து இதை எழுதி வச்சாரு. இருபது நொடியில இருந்து ஒரு நிமிசம். அவ்வளவுதான் மேல இருப்பான். பொறவு உள்ள.

அப்போ கையை ஆட்டிக் கத்துதவன்? அவனும் ஆபத்துல இருக்கவன்தான். ஆனா அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு, நீ சொன்னா காதுல ஏறும். களைச்சுப் போயிருப்பான். கெண்டைக்கால் புடிச்சிருக்கும். சொறிமீனு சுட்டிருக்கும். இல்லன்னா கரை தூரமாப் போச்சேன்னு நெஞ்சு படபடக்கும். உன் கயாக்கு பெரும்பாலும் இவனுக்குத்தான் உதவும். இவனை இப்பமே கவனிச்சா முங்குதவனா ஆக மாட்டான். அதனால படகுல போறவன் கடிகாரத்தையும் கேமராவையும் பாக்காம தண்ணியில தெரியுத தலைகளைப் பாக்கணும். நீச்சலடிக்கவன் கை போடுத தாளம் தப்புதா, ஒரே எடத்துல நின்னு கரையைக் கரையைப் பாக்கானா, மல்லாந்து படுத்துப் படுத்து எந்திரிக்கானா, பாரு. ஒரு வார்த்தை கேளு. "என்ன தம்பி, எப்படி இருக்க?" பதில் ஒழுங்கா வந்தாச் சரி. பதில் வராம முழிச்சான்னா, கிட்டப் போகவேண்டிய நேரம் வந்தாச்சி.

கிட்டப் போகணும்னதும் எங்க போய் நிக்கான் தெரியுமா நம்ம வீரன்? நேரா போயி, படகைப் பக்கவாட்டுல காட்டி, கையை நீட்டுதான்.

போன கச்சான் காலத்துல நம்ம கண்ணு முன்னால நடந்ததைச் சொல்லுதேன். மூணு சேக்காளிங்க. ஒருத்தன் காத்தடைச்ச வளையத்துல படுத்துக்கிட்டு மிதந்தான். கச்சான் காத்து மேக்க இருந்து அடிக்கு, நம்ம கடல் கெழக்க. காத்து கரையில இருந்து கடலுக்குப் போவுது. அந்த நேரம் கரையோரம் அலையே இருக்காது, தண்ணி சொம்புல வச்சது கணக்கா சாதுவாக் கிடக்கும். வெளியூர்க்காரன் ஏமாறுதது இங்கதான். "கடல் எவ்வளவு அமைதி"ன்னு போட்டோ போடுதான். அந்த அமைதிதான் அவனை வெளிய தள்ளிக்கிட்டுப் போவுது. வளையம் போய்க்கிட்டே இருந்துச்சி. பயந்துபோய்க் குதிச்சி நீந்த ஆரம்பிச்சான். காத்துக்கு எதிரா எவ்வளவு தூரம் நீந்துவான்?

கயாக்குல இருந்தவன் பாத்துட்டான், அது புண்ணியம். வெரசாத் துடுப்பு போட்டுப் போனான், அதுவும் சரி. போயி, "பயப்படாத மச்சான், கையைக் குடு"ன்னு பக்கவாட்டுல குனிஞ்சான் பாரு, அங்க முடிஞ்சுது கதை. நீந்தினவன் கையைப் புடிக்கல. படகோட விளிம்பைப் புடிச்சான், அப்படியே மேல ஏறப் பாத்தான். பள்ளிக்கூட பெஞ்சியில ஒரு ஓரத்துல இருக்கவன் எந்திரிச்சா, மறு ஓரத்துல இருக்கவன் என்ன ஆவான்? அதேதான். சத்தமே இல்லாம படகு பொரண்டுச்சி. இப்பம் தண்ணியில ரெண்டு பேரு. லைஃப் ஜாக்கெட்டு படகு வாலுல பத்திரமா இருக்கு. வெறும் படகு காத்துக்கு ஓடுத வேகத்துல எந்தச் சூரனும் நீந்த மாட்டான், படகு தனியாப் போயிருச்சி.

வலை எடுத்துட்டு வந்த நம்ம ஆளு ஒருத்தர், தெர்மாகோல் தெப்பத்துல வந்தாரு. அவரு என்ன செஞ்சாருங்கே? ஒண்ணும் செய்யல. அதுதான் சூட்சுமம். தூரமாவே நின்னாரு. பிடிக்க முடியாத தூரம். மூடி இறுக்கின அஞ்சு லிட்டர் டீசல் கேனு, அதுல பத்துப் பாகம் கயிறு. அதைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு முன்னால போட்டாரு. "அதைக் கட்டிப்புடிலே, நெஞ்சோட அணைலே, காலை மட்டும் அடி." அவ்வளவுதான் சத்தம். கேனைக் கட்டிப்புடிச்சதும் அவன் மூஞ்சி மாறிப் போச்சி. நான் கரையில இருந்தே பாத்தேன். மனுசன் ஆயிட்டான். மத்தவனுக்கு ஒரு போயா மிதவை. பொறவு பைய இழுத்தாரு. கை குலுக்கவும் இல்ல, கட்டிப்புடிக்கவும் இல்ல. கரையில விட்டுட்டு, மீனு கெட்டுரும்னு ஏலத்துக்குப் போயிட்டாரு. அந்த மூணாவது சேக்காளி? அவன் கரையில நின்னு வீடியோ எடுத்தான். நல்ல வெளிச்சமாம்.

ஒரு கேனு போதுமான்னு கேப்ப. தண்ணியில கிடக்கவனுக்கு முழு உடம்பையும் தூக்கத் தேவையில்ல. தண்ணியே பெரும்பாலும் தூக்கிரும். தலையை மட்டும் வெளிய வைக்க நாலஞ்சு கிலோ மிதப்பு கிடைச்சாப் போதும். மூடின அஞ்சு லிட்டர் காலிக் கேனு அவ்வளவு தரும். கயாக்குக்காரன் போடுத ஜாக்கெட்டும் ஏறக்குறைய அஞ்சு கிலோக் கணக்குதான். அதை ஆயிரக்கணக்குல வாங்கு, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு உன் உடம்புல இருக்கணும், இன்னொண்ணு எடுத்துப் போடத் தயாரா இருக்கணும். உடம்புல இருக்கதைக் கழத்திக் குடுக்காத. தனக்கு மிஞ்சித்தான் தானம்னு பெரியவங்க பிசினாறித்தனத்துக்குச் சொல்லல.

இப்பம் நீ வகுப்புல படிச்சதை நான் என் பாஷையில சொல்லுதேன், சரியான்னு பாரு.

மொதல்ல ஊது. விசில் எதுக்குக் கழுத்துல தொங்குது? அழகுக்கா? நீ ஒத்தையில போயி வீரம் காட்டுததுக்கு முன்னால நாலு பேருக்குத் தெரியணும். பையில போனு இருந்தா 1554, அது கடலோரக் காவல்படை. 1093, நம்ம கடலோரப் பாதுகாப்புப் போலீசு. கரைக்கு வந்தபொறவு தேவைப்படுதது 108. வீட்டுல எத்தனை பேருக்கு இந்த நம்பர் தெரியும்? பீட்சாக்காரன் நம்பர் மனப்பாடமா இருக்கும்.

பொறவு, ஒரு படகு நீளம் தள்ளி நில்லு. அங்கன இருந்து பேசு. அவன் பேரைக் கேளு. பதில் சொன்னா மூச்சு இருக்கு, புத்தி இருக்கு. சொல்லுத வார்த்தை கட்டையா இருக்கணும். "என்னைப் பாரு. மல்லாந்து படு. இந்தா புடி." பிரசங்கம் வேண்டாம். கண்ணு உன்னைப் பாக்காம உருளுதுன்னா, பதறிக்கிட்டு உன் மேல பாயப் பாக்கான்னா, பின்னாலத் துடுப்பு போட்டு விலகு. வெக்கப்படாத. அவன் கெட்டவன் இல்ல, உன் மேல ஏறணும்னு அவன் நினைச்சிச் செய்யல. தண்ணிக்கு மேல எது இருந்தாலும் அதுல ஏறத்தான் உடம்பு சொல்லும். பெத்த தாயா இருந்தாலும் ஏறுவான். அவனுக்கு ஏறதுக்கு மிதப்பைக் குடு, உன் தோளைக் குடுக்காத.

கொஞ்சம் அடங்கினான்னா, பக்கத்தைக் காட்டாத, அணியத்தைக் காட்டு. மூக்கு நுனி. அதைக் கட்டிப்புடிக்கச் சொல்லு. காலையும் மேல தூக்கி படகைச் சுத்திப் பின்னிக்கிடச் சொல்லு. அவன் மூஞ்சி உனக்கு நேரா இருக்கும். உதடு நீலமாகுதா, கண்ணு சொருகுதா, பிடி நழுவுதான்னு பாத்துக்கிட்டே துடுப்பு போடலாம். பின்பக்கம் புடிக்கச் சொன்னா உனக்கு இழுக்கது லேசு, ஆனா அவன் எப்போ கையை விட்டான்னு உனக்குத் தெரியாது. கரைக்கு வந்து திரும்பிப் பாத்து, "ஆளை எங்க?"ன்னு கேக்கதுக்கா போன? நல்ல தெளிவா இருக்கவன், பேச்சுக் குடுத்துக்கிட்டே வாரவன், அவனுக்கு மட்டும் வால் பக்கம்.

இழுத்துக்கிட்டுத்தான் போகணும்னு உனக்கு எவன் சொன்னான்? இது இன்னொரு கோட்டித்தனம். பாதிப் பேரு ஆளு கிடைச்ச உடனே கரைக்குப் போறதுலயே குறியா இருப்பான். காத்து எதிர்ல அடிக்கு, ரெண்டு பேரு பாரம், துடுப்பு போட்டு நாக்குத் தள்ளிரும். பேசாம நில்லு. அவன் புடிச்சிக்கிட்டு மூச்சு வாங்கட்டும். நம்ம கடல் இளஞ்சூடுலா, குளிருல வெறைச்சிப் போற வடக்கத்திக் கடல் இல்ல. மோட்டார் வள்ளம் வாரவரைக்கும் அவனை மிதக்க வச்சிருந்தா, நீ உன் வேலையை முடிச்சாச்சி. சும்மா நிக்கும்போது படகை மட்டும் பாத்துக்கோ. காத்து ஆளைவிடப் படகை வெரசாத் தள்ளும், அதனால துடுப்பை மடியில வச்சிட்டுக் கதை பேசாத. இன்னொரு கயாக்கு வந்துதுன்னா ரெண்டையும் பக்கம் பக்கமாச் சேத்து, துடுப்பைக் குறுக்கப் போட்டுப் புடிச்சிக்கோ. அப்போ பொரளுததுக்குப் பயம் கம்மி.

அலை உடையுத எடத்துல ஒரு வித்தியாசம் உண்டு. முங்குதவனுக்குக் கடல் பக்கமா நிக்காத. அடுத்த அலை உன் படகைத் தூக்கி அவன் மண்டையில போடும். காப்பாத்தப் போனவன் கொன்னுட்டு வந்த கதை ஆயிரும். கரைப் பக்கமா நின்னு, அணியம் அலைக்கு நேரா இருக்கணும். அதுவும் பழகினவன் செய்யுத வேலை. பழகாதவன் அலைக்கு வெளிய நின்னு ஊதினாப் போதும்.

படகுல ஏத்தலாமான்னு கேக்க? மேல உக்காந்து ஓட்டுத அகலமான கயாக்குன்னா, ஆளு தெளிவா இருந்தா, ஏத்தலாம். வயித்தைப் போட்டுக் குப்புற ஏறணும், நீ மறுபக்கம் சாயணும். தண்ணியில இருந்து ஒரு மனுசன் மேல ஏறுதது ரொம்பக் கடினமான வேலை. 2018ல கேரள வெள்ளத்துல ஒரு மீனவத் தம்பி தண்ணிக்குள்ள மண்டி போட்டு முதுகைப் படியாக் குடுத்தாரு, பொம்பளைங்க மிதிச்சி ஏறினாவ. நாடே அந்த வீடியோவைப் பாத்துக் கண்ணு கலங்குச்சி. நீயும் கலங்கியிருப்ப. ஆனா அவரு எங்க மண்டி போட்டாரு, கவனிச்சியா? கால் எட்டுத தண்ணியில. அந்தச் சூதானம்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சி. 2015 டிசம்பர்ல சென்னையில தெருவெல்லாம் ஆறாப் போனப்பவும் படகைத் தூக்கிட்டு வந்தது குப்பத்து ஆளுங்கதான். அவங்க கிட்ட சர்ட்டிபிகேட்டும் இல்ல, நெத்திக் கேமராவும் இல்ல. கயிறு இருந்துச்சி.

துடுப்பை நீட்டலாமே பாட்டான்னு கேப்ப. நீட்டலாம். மட்டைப் பக்கத்தை அவனுக்குக் குடு, மறுமுனை உன் கையில இருக்கட்டும். ஆனா அவன் வெறி புடிச்சி இழுத்தா விட்டுரணும். கார்பன் ஃபைபர்னு கட்டிக்கிட்டு அழாத. விட்டபொறவு கையால தண்ணியை அளஞ்சிக்கிட்டு நிக்கணும், அதையும் யோசிச்சிக்கோ. அதான் சொல்லுதேன், மொதல்ல கேனு.

இன்னொரு கூட்டம் உண்டு. பந்தய நீச்சல்காரங்க. அவங்க பக்கத்துல காவலுக்குக் கயாக்குல போறவன் பாடு தனி. முங்குதவன் உன்னைப் புடிக்கப் பாய்வான். இவன் தொடவே மாட்டான். கௌரவம். நிறையப் பந்தயத்துல கயாக்கைப் புடிச்சி இளைப்பாறலாம், படகு நகரக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதைச் சொன்னாலும் கேக்க மாட்டான், தோத்துப் போயிருவோம்னு நினைப்பான். ஆங்கிலக் கால்வாய் மாதிரி நீச்சல்ல இன்னும் கடுசு, கூட வார படகைத் தொட்டா அதோட முடிஞ்சிது. அதனால காவல் போறவன்தான் கண்ணைத் திறந்து பாக்கணும். நீந்துதவன் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லுவான். நாக்குக் குழறும். நேரா நீந்தாம வளைஞ்சி வளைஞ்சி போவான். அவன் வாய் ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு சொல்லும். கையை நம்பு.

பாக் நீரிணையை நீந்தினவங்களை உனக்குத் தெரியுமா? 1954ல நவரத்தினசாமி. 1971ல வல்வெட்டித்துறை ஆனந்தன், போயிட்டுத் திரும்பியும் வந்தாரு, 51 மணி நேரம். 1994ல நம்ம குற்றாலீஸ்வரன், பன்னெண்டு வயசுப் பையன், அதே வருசம் ஆங்கிலக் கால்வாயும். இவங்கல்லாம் கடலுக்கே பாடம் எடுத்தவங்க. ஆனாலும் பக்கத்துல படகு இல்லாம இறங்கினாங்களா? அந்த ஆனந்தன், ஆழிக்குமரன்னே பேரு வாங்கினவரு, 1984ல ஆங்கிலக் கால்வாயில நீந்தும்போதுதான் போய்ச் சேந்தாரு. எவ்வளவு பெரிய மனுசன். நீ நீச்சல்குளத்துல நாலு நீளம் போயிட்டு, "நமக்குக் காவல் எதுக்கு பாட்டா?"ங்க. வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன.

உலகத்துல 2021ல மட்டும் ஏறக்குறைய மூணு லட்சம் பேரு தண்ணியில போயிட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. இதுக்குன்னு ஐக்கிய நாடுகள் சபை ஒரு நாள் குறிச்சிருக்கு, ஜூலை 25. எந்த மகராசன் குறிச்சானோ, நமக்குன்னு பாத்துக் குறிச்சது மாதிரிதான் இருக்கு. அது ஆடி மாசம், கச்சான் சீறிக்கிட்டு அடிக்குத நேரம். ஆத்துப் பக்கம் போனா ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் கூடுத நேரம். அன்னைக்கு ஒரு மண்டபத்துல ஏசி போட்டு, விழிப்புணர்வுப் பதாகை கட்டி, போட்டோ புடிச்சி, சமோசா குடுத்து அனுப்புவாங்க. பதாகைத் துணிக்கு ஆகுத துட்டுக்கு நாலு கேனும் கயிறும் வாங்கி, கடக்கரைக் கம்பத்துல கட்டித் தொங்கவிட்டா என்னவாம்? கேட்டுப் பாத்தோம். அதுக்கு டெண்டர் விடணுமாம்.

சரி, கரைக்கு வந்தாச்சி. இங்க உங்க ஆளை விட்டுட்டு எங்க ஆளைத் திட்டணும். கரையில கிடத்தினதும் நம்ம கிழடுக செய்யுத கூத்து இருக்கே! ரெண்டு காலைப் புடிச்சித் தலைகீழாத் தூக்கு. தலைக்கு மேல வச்சிச் சுத்து. வயித்தை அமுக்கித் தண்ணியை எடு. ஒருத்தன் வெங்காயத்தை நசுக்கி மூக்குல வை என்பான். எல்லாம் வீண் வேலை, நேரத்தைத் தின்னுத வேலை. வயித்தை அமுக்கினா உள்ள இருக்கது மேல வந்து நெஞ்சுக்குள்ள போவும், உள்ள மூச்சையும் அடைக்கும். தண்ணியில முங்கினவனுக்குக் குறைஞ்சது மூச்சு. அதைக் குடு. மூச்சு இல்லன்னா மல்லாக்கப் போட்டு, தலையைச் சாச்சி, நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வச்சி ஊது. பொறவு நெஞ்சு நடுவுல வெரசா, ஆழமா முப்பது அமுக்கு, ரெண்டு ஊது. 108 வாரவரை நிறுத்தாத. உன் சர்ட்டிபிகேட்டுல இது இருக்கா? இருக்குன்னா, அந்த ஒண்ணுக்காகவே ரெண்டு நாள் போனது நல்ல காரியம். நான் கேலி பண்ணினதைப் பாதி வாபஸ் வாங்கிக்கிடுதேன். மூச்சு தானே வருதுன்னா ஒருக்களிச்சிப் படுக்கப்போடு. சுத்தி நிக்க கூட்டத்தைத் தள்ளி நிக்கச் சொல்லு. அதுதான் உள்ளதுலயே கஷ்டமான வேலை, கடல்ல இறங்குததைவிட.

கடைசியில ஒண்ணு நடக்கும் பாரு, இது எப்பவும் நடக்கும். தப்பிச்சவன் எந்திரிச்சி உக்காருவான். ஈரத் தலையைத் துவட்டுவான். சுத்தி நிக்கவங்களைப் பாத்து வெக்கமாப் போயிரும். அப்பம் சொல்லுவான், "எனக்கு ஒண்ணும் இல்லங்க, நான் சும்மா மிதந்துக்கிட்டுத்தான் இருந்தேன். இவருதான் பயந்துட்டாரு." நீ மூஞ்சியைத் தூக்காத. ஆமா தம்பி, நான்தான் பயந்துட்டேன்னு சொல்லு. சொல்லிக்கிட்டே ஆட்டோவைக் கூப்புடு. நெஞ்சுக்குள்ள கொஞ்சம் தண்ணி போயிருந்தாலும் ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம் கழிச்சி இருமலும் இளைப்பும் வரும், அதனால டாக்டரு ஒருக்கப் பாக்கட்டும். வர மாட்டேன்னு அடம் புடிப்பான். அவன் செருப்பை எடுத்து நீ முன்னால ஆட்டோவுல ஏறிக்கோ. செருப்பைத் தேடியாவது வருவான்.